கம்ப்யூட்டர் முன் உங்கள் உடம்புக்கு எத்தனை மார்க்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்று விசாரிப்பார்கள். ஆன்டி வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தூசு படாமல் இருக்க கீ போர்டுக்கு உறை வாங்குவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன் தினமும் உட்காரப்போகும் உடம்பை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் புதிது வாங்கி மாட்டிவிடலாம். மணிக்கட்டுக்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட் கிடையாது.

இந்த மாதப் பாடத்துக்கு சாப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஒரு தையல் டேப், ஒரு பேப்பர், ஒரு பேனா, உதவிக்கு வீட்டில் ஒருவர், 20 நிமிட நேரம். இவ்வளவு போதும். உங்கள் இருக்கைக்கு நீங்களே மார்க் போட்டு, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன், இந்த டேப்பை நான் ஏன் கையில் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அளக்காமல் போன மேஜை

எனக்குச் சொந்த ஊர் ஓசூர் பக்கம் பேரிகை. பாகலூர் வழியாக ஓசூர் போகும் சாலையில் ஒரு பக்கம் தக்காளி, இன்னொரு பக்கம் ரோஜா. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கர்நாடக மாநிலம் வந்துவிடும். 2019-ல் இன்ஜினியரிங் முடித்து, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், அப்பா பூக்கணக்கு எழுதும் மர மேஜையும்தான். தினமும் ஒன்பது, பத்து மணி நேரம் அங்கேயே வேலை. மூன்றாவது மாதம் கழுத்து பிடித்துக்கொண்டது. ஐந்தாவது மாதம் வலது கை மணிக்கட்டில் வலி வந்தது. பிறகு இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தது. கையை உதறினால் சரியாகும். மறுநாள் இரவும் அதே கதை. ஒரு நாள் சாம்பார்க் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தபோதுதான் பயம் வந்தது. சம்பாதிப்பது இந்தக் கையால்தான். வயது அப்போது இன்னும் 25 ஆகவில்லை.

நான் செய்த முதல் வேலை மவுஸை இடது கைக்கு மாற்றியது. மூன்று வாரத்தில் இடது கையும் வலிக்க ஆரம்பித்தது.

எங்கள் சித்தப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் நான் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த மேஜையோட உயரத்தை யாரு அளந்தது?" என்று கேட்டார். "யாரும் அளக்கல சித்தப்பா" என்றேன். "எங்க லைன்ல புதுசா ஒரு மேஜை போட்டாங்கன்னா, ஒரு இன்ஜினியர் டேப்போட வந்து நிப்பாரு. கை எங்க போவுது, எத்தனை தடவ போவுதுன்னு எண்ணுவாரு. நீயும் இன்ஜினியர்தானே?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம். தொழிற்சாலையில் அளந்து பார்க்க ஆள் உண்டு. பெரிய ஆபீஸ்களில் சிலவற்றில் உண்டு. நம் வீட்டில் கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் தானே தொழிலாளி, தானே ஆய்வாளர்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த நோய் அல்ல

வேலையை மனிதனுக்குப் பொருத்துவது எப்படி என்று ஆராயும் துறைக்கு எர்கோனாமிக்ஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'எர்கான்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. 1857-ல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வேலைக்காக மனிதன் வளைந்துகொடுக்கக் கூடாது, மனிதனுக்காக வேலை வளைய வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

ஆனால் பிரச்சினை அதற்கும் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு நூல் எழுதினார். 1713-ல் வந்த அதன் விரிவான பதிப்பில் கணக்கு எழுதுபவர்கள், நகல் எடுப்பவர்கள் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர்களுடைய தொல்லைக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி ஓயாமல் அசைப்பது, தவறு வரக் கூடாதே என்ற மன இறுக்கம். 300 வருடம் கழித்தும் இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தர் வலது கை செயலிழந்ததும் இடது கையால் எழுதப் பழகினார் என்றும், கொஞ்ச காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்தது என்றும் ரமாஸினி எழுதியிருக்கிறார். நான் மவுஸை இடம் மாற்றிய கதையும் அதேதான். கையை மாற்றினேன். வேலை செய்யும் விதத்தை மாற்றவில்லை.

1980-களில் ஆஸ்திரேலியாவில் டெலிபோன் மற்றும் கீ போர்ட் வேலையில் இருந்தவர்களிடையே இந்தக் கை வலி பெரிய அளவில் பேசப்பட்டது. ஆர்.எஸ்.ஐ., அதாவது ரிப்பிடிடிவ் ஸ்ட்ரெயின் இன்ஜுரி என்ற பெயர் அப்போதுதான் பரவலானது. நம் நாட்டில், தில்லி தேசியத் தலைநகர்ப் பகுதியில் 200 கம்ப்யூட்டர் பணியாளர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 77.5 சதவீதம் பேர் தசை, எலும்பு, மூட்டு சார்ந்த தொல்லையையும், 76 சதவீதம் பேர் கண் தொல்லையையும் சொல்லியிருந்தார்கள். நான்கில் மூன்று பேர்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தசை சுருங்கி விரியும்போது அதற்குள் ரத்தம் நன்றாக ஓடும். நடக்கும்போது கால் சீக்கிரம் சோர்வதில்லை. ஆனால் தசையை ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்திருந்தால் ரத்த ஓட்டம் குறையும், கழிவுகள் தேங்கும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம். அதே சொம்பைக் கையை நீட்டி ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், தெரியும். உயரமான மேஜை முன் தோளைத் தூக்கிக்கொண்டு டைப் அடிப்பது அந்தச் சொம்பைப் பிடிப்பது போன்றதுதான்.

கழுத்தின் கதையும் இதேதான். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக உட்காரும். குனியக் குனிய, கழுத்தின் பின்பக்கத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றைக் கொண்டு போட்ட கணக்கின்படி, 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை சுமார் 27 கிலோ. இது கணக்கில் வந்த எண்தான், ஆளை வைத்து அளந்தது அல்ல. ஆனாலும் குனிந்தால் சுமை கூடும் என்பதில் சந்தேகமில்லை.

ஆக, கேடு வருவது மூன்று வழியில்: தவறான நிலை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, இடைவெளி இல்லாத நேரம். முதல் இரண்டை மேஜை, நாற்காலி மூலம் ஓரளவு சரிசெய்யலாம். மூன்றாவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருவோம்.

பாடம் 1: வலி எங்கே இருக்கிறது?

1987-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து நார்டிக் கேள்வித்தாள் என்ற ஒன்றைத் தயாரித்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் உடம்பு 9 இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் பேப்பரில் இப்படி எழுதுங்கள்:

1. கழுத்து
2. தோள்கள்
3. மேல் முதுகு
4. முழங்கைகள்
5. மணிக்கட்டு, கை விரல்கள்
6. இடுப்பு (கீழ் முதுகு)
7. இடுப்பு மூட்டு, தொடை
8. முழங்கால்கள்
9. கணுக்கால், பாதம்

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். கடந்த 12 மாதத்தில் இங்கே வலியோ மரத்துப்போதலோ இருந்ததா? கடந்த 7 நாளில் இருந்ததா? அதனால் வழக்கமான வேலை எதையாவது செய்ய முடியாமல் போனதா? 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் எழுதினால் போதும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வந்தால் மிக நல்லது. அந்தப் பேப்பரைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பாடம் 2: டேப்பை எடுங்கள்

ஆபீஸ் இருக்கைகளுக்கு மார்க் போடுவதற்கென்றே ஒரு முறை உண்டு. கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் சோன் மற்றும் அவரது குழுவினர் 2012-ல் வெளியிட்டார்கள். ரேப்பிட் ஆபீஸ் ஸ்ட்ரெயின் அசெஸ்மென்ட் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாக, ரோசா! ரோஜா விளையும் ஊர்க்காரனான எனக்கு இந்தப் பெயர் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

முழு ரோசாவில் பல அட்டவணைகள் உண்டு. நாற்காலி, திரை, டெலிபோன், மவுஸ், கீ போர்ட் என ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, கடைசியில் 1 முதல் 10 வரை ஓர் எண் வரும். பரீட்சை மார்க் போல அல்ல, இதில் எண் குறைந்தால்தான் நல்லது. 5-ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வழியைப் பின்பற்றி வீட்டுக்காக நான் எளிமையாக்கி வைத்திருக்கும் தாளைக் கீழே தருகிறேன். இது மருத்துவப் பரிசோதனை அல்ல. எதை முதலில் திருத்துவது என்று காட்டும் ஒரு கைகாட்டி மரம், அவ்வளவுதான்.

நீங்கள் வழக்கமாக வேலை செய்வது போலவே உட்காருங்கள். அளக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்க் பொய்யாகிவிடும். கூட இருப்பவர் அளக்கட்டும்.

அ. நாற்காலி

1. பாதம்: தரையில் முழுதாகப் படிந்திருந்தால் 0. முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருந்தாலோ, விரல் நுனி மட்டும் தரையில் பட்டாலோ 1. கால் தொங்கினால் 2.

2. இருக்கையின் ஆழம்: முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே மூன்று, நான்கு விரல் நுழைந்தால் 0. விளிம்பு காலில் இடித்தால் 1. இருக்கை நீளமாக இருப்பதால் முதுகு சாய்மானத்தைத் தொடவே இல்லை என்றால் 2.

3. முதுகு: இடுப்பு வளைவுக்குத் தாங்கல் இருந்து, லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் 0. சாய்மானம் இருந்தும் இடுப்புக்குத் தாங்கல் இல்லை என்றால் 1. முன்னால் வளைந்தே வேலை செய்தாலோ, சாய்மானமே இல்லை என்றாலோ 2.

ஆ. மேஜை

4. கீ போர்ட் உயரம்: தோளைத் தளர்த்தி, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைக்கு எத்தனை செ.மீ.? தரையிலிருந்து கீ போர்டின் மேற்பரப்புக்கு எத்தனை செ.மீ.? வித்தியாசம் 3 செ.மீ.க்குள் என்றால் 0. 5 வரை 1. அதற்கு மேல் 2.

5. மணிக்கட்டு: முழங்கையிலிருந்து விரல் வரை நேர்கோடாக இருந்தால் 0. மேல்நோக்கி வளைந்திருந்தால் 1. வளைந்திருப்பதோடு மேஜை விளிம்பிலும் அழுத்திக்கொண்டிருந்தால் 2.

6. மவுஸ்: கீ போர்டை ஒட்டி, அதே உயரத்தில் இருந்தால் 0. கையை எட்டி நீட்ட வேண்டியிருந்தால் 1. எட்டுவதோடு உயரமும் வேறாக இருந்தால் 2.

இ. திரை

7. உயரம்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, 5 செ.மீ. வரை கீழேயோ இருந்தால் 0. அதைவிடக் கீழே, ஆனால் 15 செ.மீ.க்குள் இருந்தால் 1. அதற்கும் கீழே என்றாலோ, முகவாயைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு மேலே என்றாலோ 2.

8. தூரமும் திசையும்: ஒரு கை நீட்டும் தூரத்தில், முகத்துக்கு நேராக இருந்தால் 0. இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் 1. இரண்டும் சரியில்லை என்றால் 2.

ஈ. நேரம்

இது ரோசாவிலிருந்து எடுத்த விதி. தொடர்ந்து 30 நிமிடத்துக்கும் குறைவாக, ஒரு நாளைக்கு மொத்தம் 1 மணி நேரத்துக்கும் குறைவாக உட்காருபவர், அ, ஆ, இ ஒவ்வொரு பகுதியிலும் 1 மார்க் கழித்துக்கொள்ளலாம். தொடர்ந்து 1 மணி நேரத்துக்கு மேலோ, நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேலோ உட்காருபவர் ஒவ்வொரு பகுதியிலும் 1 கூட்ட வேண்டும். இடைப்பட்டவர் எதுவும் செய்ய வேண்டாம்.

எல்லாவற்றையும் கூட்டுங்கள். மோசமான நிலைக்கு 19 வரும். எந்தக் கேள்விக்கு 2 வந்ததோ, அதை முதலில் திருத்த வேண்டும். பாடம் 1-ல் 'ஆம்' வந்த இடத்தையும் இதனோடு பொருத்திப் பாருங்கள். தோள் வலி உள்ளவருக்குப் பெரும்பாலும் 4 அல்லது 6-லும், கழுத்து வலி உள்ளவருக்கு 7 அல்லது 8-லும், இடுப்பு வலி உள்ளவருக்கு 1 முதல் 3-க்குள்ளும் மார்க் ஏறியிருக்கும்.

என் மேஜை வாங்கிய மார்க்

எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை உயரம் 43 செ.மீ. அதில் உட்கார்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 66 செ.மீ. அப்பாவின் மேஜை 76 செ.மீ. அதன் மேல் லேப்டாப் 2 செ.மீ. வித்தியாசம் 12 செ.மீ.! ஐந்து மாதமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடித்திருக்கிறேன். மணிக்கட்டு மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தது. லேப்டாப் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலிருந்து 20 செ.மீ. கீழே. நாற்காலிக்கு 2, மேஜைக்கு 5, திரைக்கு 3, நேரத்துக்கு 3. மொத்தம் 13.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி உயரத்தில்தான் வருகின்றன. எழுதுவதற்கு அது சரி. கீ போர்டுக்கு, அதுவும் நம் ஊர் உயரத்துக்கு, அது அதிகம். நம் மக்களின் உடல் அளவுகள் வேறு என்பதற்காகவே அகமதாபாத்தின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆப் டிசைன், தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடல் அளவுகள் நூலை 1997-ல் வெளியிட்டது. கடைக்காரர் 'எர்கோனாமிக்' என்று சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். உங்கள் முழங்கை உயரத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

பைசா செலவில்லாமல் என்ன செய்யலாம்?

மேஜை உயரம் என்றால்: மேஜையைத் தாழ்த்த வேண்டும், அல்லது இருக்கையை உயர்த்த வேண்டும். இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்தினால் கால் தொங்கும், எனவே காலுக்கடியில் ஒரு பலகை வையுங்கள். நான் அப்பாவிடம் கெஞ்சி, ஆசாரியை அழைத்து மேஜையின் கால்களை 9 செ.மீ. அறுத்துவிட்டேன். "தாத்தா காலத்து மேஜைடா" என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. இப்போது கணக்கு எழுத அவருக்கும் அதுதான் வசதி.

லேப்டாப் என்றால்: இதில் திரையும் கீ போர்டும் ஒட்டியே பிறந்தவை. திரை சரியானால் கை தப்பாகும், கை சரியானால் கழுத்து தப்பாகும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் தனியாக ஒரு சாதாரண கீ போர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். இந்தப் பாடத்தில் நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேலோ, உறுதியான பெட்டி மேலோ உயர்த்துங்கள். என் லேப்டாப் இன்றும் கவிழ்த்து வைத்த தக்காளி கிரேட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காற்றுத் துளை மட்டும் அடைபடக் கூடாது.

கீ போர்ட் கால்கள்: கீ போர்டின் பின்பக்கம் இரண்டு சிறிய கால்கள் இருக்கும். வாங்கியதும் எல்லோரும் அவற்றை விரித்து வைப்பார்கள். அது மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும். மடக்கிவிடுங்கள். 5-வது கேள்விக்கு இது உடனடி மருந்து.

முதுகு: ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள்.

கண்ணாடி அணிபவர்கள்: பைபோகல் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயைத் தூக்குவார்கள். அவர்களுக்கு மட்டும் 7-வது விதி பொருந்தாது. திரையை இன்னும் தாழ்த்தி வையுங்கள்.

ஒரே கம்ப்யூட்டர், பல பேர்: அண்ணனுக்குச் சரியான இருக்கை தங்கைக்குச் சரியாக இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மார்க் போடுங்கள். மேஜையை உயரமானவருக்கு வைத்துவிட்டு, சிறியவர்களுக்கு மெத்தையும் கால் பலகையும் கொடுப்பது எளிது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

எழுத்து சிறியதாக இருந்தால் நாம் அறியாமலே முன்னால் சாய்வோம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, ஆக்சஸிபிலிட்டி என்பதில் டெக்ஸ்ட் சைஸைப் பெரிதாக்கிடுங்கள். பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் பக்கம் பெரிதாகும்.

மவுஸை அதிகம் இழுக்க வேண்டியிருந்தால் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று சென்று பாயிண்டர் ஸ்பீடைக் கூட்டிடுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதே இடத்தில் பிரைமரி பட்டனை மாற்றிக்கொள்ளலாம்.

ஷார்ட்கட் கீகளைப் பழகுங்கள். காப்பிக்கு கண்ட்ரோல் சி, பேஸ்டுக்கு கண்ட்ரோல் வி, விண்டோ மாற்ற ஆல்ட் டேப். மவுஸுக்குக் கை போகும் தடவைகள் குறையும். ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே அடிப்பது சிரமம் என்றால் ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும்.

தமிழில் நிறைய டைப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 கீ போர்ட் முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும், அதிகம் வரும் மெய்கள் வலது கைக்கும் அமைந்திருக்கின்றன. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், ஷிப்ட் தேவை குறைவு. 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல்கள், இடையில் வரும் புள்ளி தானாக விழும். நீண்ட கட்டுரை என்றால் கூகுள் டாக்ஸில் வாய்ஸ் டைப்பிங்கில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசியும் எழுதலாம்.

மீதமிருக்கும் மூன்று மார்க்

இத்தனையும் செய்தபின் மீண்டும் அளந்தேன். மேஜைக்கு 0, திரைக்கு 0, நாற்காலிக்கு 1. நேரத்துக்கு மட்டும் அதே 3. மொத்தம் 4. பதின்மூன்றிலிருந்து நான்குக்கு வந்தாகிவிட்டது. ஆனால் அந்த மூன்றை எந்த ஆசாரியாலும் அறுக்க முடியவில்லை. எட்டு மணி நேர வேலை எட்டு மணி நேர வேலைதான்.

அதை உடைப்பதற்கு ஒரே வழி எழுந்திருப்பது. என் அம்மா ரோஜா வெட்டும்போது ஒரு வரிசை முடிந்ததும் கட்டரைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிய பூவைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்துவிட்டு வருவார். நேரம் வீணாகிறதே என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். முப்பது வருடமாக அந்தக் கை தாங்குவதற்கு அந்த நடைதான் காரணம் என்று இப்போது புரிகிறது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அவர்களுக்கு உட்காருவது மருந்து, நமக்கு நிற்பது மருந்து. உடம்பு கேட்பது உட்காருவதோ நிற்பதோ அல்ல, மாற்றம்தான்.

எனவே 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள், கண்ணுக்கும் ஓய்வு. மறந்துவிடுவேன் என்பவர்கள் வொர்க்ரேவ் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்திடலாம். நேரம் வந்ததும் திரையில் வந்து நினைவூட்டும். நான் அதைவிட எளிய வழி வைத்திருக்கிறேன். பெரிய தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளாமல் சின்ன டம்ளர் மட்டும் வைத்துக்கொள்கிறேன். காலியானால் எழுந்துதான் ஆக வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வேலை முடிந்து ஓர் இரவு தூங்கினால் போகும் வலி எச்சரிக்கை மணி. காலையிலும் இருந்தால் கவனம் தேவை. கீழே உள்ளவை இருந்தால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள்:

* இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம்.
* சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மரத்துப்போவது. முழங்கையை மேஜையில் ஊன்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.
* கையில் பலம் குறைந்து பொருட்கள் நழுவுவது.
* கழுத்திலோ இடுப்பிலோ தொடங்கி கை, கால் வழியே இறங்கும் வலி.

எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடவும் கூடாது. விரல் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்ப காலம் என வேறு காரணங்களும் உண்டு. கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. அவரிடம் போகும்போது மார்க் போட்ட பேப்பரையும் எடுத்துச் செல்லுங்கள். நான் அப்படித்தான் போனேன். டாக்டர் அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, மாத்திரையை விட மணிக்கட்டுப் பட்டையும் பிசியோதெரபியும் போதும் என்றார். கை பழைய நிலைக்கு வர ஆறு மாதம் ஆனது. முதல் நாளே 20 நிமிடம் ஒதுக்கி அளந்திருந்தால் அந்த ஆறு மாதம் மிச்சம்.

உங்கள் கம்ப்யூட்டர் புதியது. உங்களுக்கு இன்னும் வலி வரவில்லை. அளந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் பெட்டியிலிருந்து டேப்பை எடுங்கள். வந்த மார்க்கை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து, எத்தனை குறைந்தது என்று பாருங்கள். குறைந்தால்தான் பாஸ்!